வீட்டுக்கு ஒரு சலுகை

"கையெழுத்தெல்லாம் போட முடியாது. எடுத்துட்டுப் போ" என்று பாக்கியராஜ் விண்ணப்பத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்கு அப்பால் தள்ளினார்.

ஜெனிதா நகரவில்லை. கலந்தாய்வில் அவளுக்குப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பத்து நாளுக்குள் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இல்லாவிட்டால் அப்பாவின் லேத் பட்டறைக் கூலியில் அந்தப் படிப்பை நினைத்தும் பார்க்க முடியாது.

"ஊட்டுக்கு ஒருத்தருக்குத்தான் அது. தம்பி ஒன்பதாவது வந்துட்டான். நாளைக்கு அவன் இஞ்சினியரிங் போகையில என்ன பண்றது? நீ கவர்மென்ட் காலேஜ்ல பி.ஏ. படி கண்ணு. பொம்பளப் புள்ளைக்கு அது போதும்."

"அவனுக்கு இன்னும் நாலு வருசம் இருக்குதுங்கப்பா. எனக்குப் பத்து நாள்தானுங்க."

பரிமாறிக்கொண்டிருந்த ஜெனிதாவின் அம்மா அற்புதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன பரீட்சையில் மகன் ஜெப்ரி கணக்கில் எடுத்த மார்க்கை வைத்துக்கொண்டு அவனை இஞ்சினியர் ஆக்க இந்த மனிதர் ஒருவரால்தான் முடியும். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. பத்தொன்பது வருடமாகத் திறக்காமல் இருந்து பழகிவிட்டது.

மறுநாள் பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க, கணபதி பகுதியில் இ-சேவை மையம் வைத்திருக்கும் ஹுமேராவிடம் மூவரும் போனார்கள். பாக்கியராஜ் தன் திட்டத்தைப் பெருமையாகவே விளக்கினார்.

"அது ஆகாதுங்கண்ணா" என்றாள் ஹுமேரா. "பாப்பா பி.ஏ. முடிச்சாலும் அவதானுங்க முதல் பட்டதாரி. அப்புறம் தம்பிக்குக் கெடைக்காதுங்க."

"அப்ப பி.ஏ.வும் வேண்டாம். டைப்ரைட்டிங் போகட்டும். பையன் படிச்சு முடிக்கட்டும், பாத்துக்கலாம்" என்று பாக்கியராஜ் எழுந்துவிட்டார்.

ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது பட்டம் வாங்கட்டும் என்று கொடுக்கிற சலுகை. அதைப் பத்திரப்படுத்துவதற்காக, பட்டம் வாங்கக்கூடிய பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கிறார்கள். கேட்டால் பொறுப்பு என்கிறார்கள். வீடு வந்ததும் ஜெனிதா விண்ணப்பத்தை மடித்துப் பழைய நோட்டுகளுக்கு அடியில் வைத்தாள். அழுதிருந்தால்கூட அற்புதத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவர் பட்டறைக்குப் போனதும் அற்புதம் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஹுமேராவிடம் போனாள்.

"அம்மா கையெழுத்துப் போட்டாச் செல்லுங்களா அம்மணி?"

"செல்லுங்கக்கா. ஆனா அண்ணன் கேட்டா?"

"கேப்பாருங்க. நான் சொல்லிக்கறேன்."

குடும்பத்தில் யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஹுமேரா கேட்டுக் கேட்டுக் கணினியில் ஏற்றினாள். அப்பா எட்டாவது. "அம்மாங்க?"

"பிளஸ் டூ. ஆயிரத்து நாப்பது மார்க்கு."

ஹுமேரா தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஜெனிதாவும் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கே இந்த மார்க் புதுச் சேதி.

"இத்தன மார்க்கு எடுத்துப்போட்டு ஏனுங்கக்கா காலேஜ் போகல?"

"எங்கண்ணன்தான் படிக்கோணும்னாங்க எங்கூட்ல. ரெண்டு பேரைப் படிக்க வெக்க முடியாதுன்னுட்டாங்க."

"அவரு டிகிரி முடிச்சாருங்களா?"

"ரெண்டாவது வருசமே நின்னுபோட்டானுங்க." அற்புதம் பேனாவை எடுத்துத் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். "தைரியமாப் போட்டுக்குங்க அம்மணி. எங்க ரெண்டு ஊட்லயும் பட்டதாரின்னு ஒருத்தருமே இல்லைங்க."