தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில்

1

இந்தக் கதை ஒரு வரைபடத்தில் பிறந்தது. நிலவொளியில் கரு கிடைத்தது என்று பொய் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சிறுசேரியில் வேலை பார்க்கும் ஜெயப்பிரியா ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட், பறக்கும்போதே தரைக்கு அனுப்பிய வேகக் கணக்கு அது.

2

முதல் தொடக்கம்: புதுப்பட்டினத்துக் கடல் அன்று ஆவேசமாக

(வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை. காற்றுக்குத்தான் உண்டு.)

விற்காத மனைகளுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை. எங்கள் கிளப்பின் ஓடுதளம். மேற்கே மின்கம்பி. ஆகவே கடல் பக்கமிருந்துதான் இறங்க வேண்டும். கடற்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஜெட் பாய்ந்து வருவதாகத் தெரியும். உண்மையில் றெக்கை தாங்கும் வேகம் மட்டுமட்டாகத்தான் இருக்கும். இன்னும் குறைத்தால் தொப்பென்று விழும். அவளுடையது இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறையும் விழுந்தால், இனி தரையிறக்கும்போது ரிமோட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.*

* எந்த விதியிலும் இல்லை. எந்த ஆணிடமும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

3

பின்னால் நின்ற பூபாலன், “கம்மி பண்ணு! கம்மி பண்ணு!” என்று கத்தினான்.

(இந்தப் பூபாலனை என்னாலேயே நம்ப முடியவில்லை. மீசை வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சரி, பெயரை அடித்துவிடுகிறேன். கத்தியது நான். அவள் புருஷன். அந்த ரிமோட் வரப்போவதும் என் கைக்குத்தான்.)

4

ஜெட் விழுந்தபோது எடுத்த வீடியோவையும் அந்த வரைபடத்தையும் ஜெயப்பிரியா சேர்த்து ஓட்டினாள்.

“இங்க பாரு. நீ கத்துற, என் வெரலு கொறைக்குது. மறுக்கா கத்துற, மறுக்கா கொறைக்குது. எனக்கு எறக்கத் தெரியலன்னு சொல்லிகினு கீறியே, இதுக்கு இன்னா சொல்ற?”

“கண்ணுக்கு வேகமாத் தெரிஞ்சுதே...”

“காத்துல அதோட வேகம் தொண்ணூறுக்குக் கீழ போனாதான் வுழுது. இனிமே ரிமோட்டு சொல்ற நம்பர மட்டும்தான் கேப்பேன். நீ வாயத் தொறந்த, அவ்ளோதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

5

ஞாயிறு மாலை. ஜெட் பாய்ந்து வருகிறது. “தொண்ணூற்று ஐந்து... தொண்ணூற்று மூன்று...” என்கிறது ரிமோட். கிளப் மொத்தமும், “கம்மி பண்ணு!” என்று கத்துகிறது. அவள் விரல் அசையவில்லை.

முடிவு ஒன்று: பூப்போல இறக்கி

(கைதட்டக் காத்திருக்கிறீர்களா? கிடையாது.)

முடிவு இரண்டு: மூன்றாவது முறையும்

(அப்படி முடித்தால்தான் இலக்கியமாம், பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். முடியாது, போங்கள்.)

ஜெட் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். நீங்களும் கத்தாதீர்கள்.