கேட்டோரத்து நந்தியாவட்டை

பக்கத்து வீட்டுக் கஜபதி வெட்டுக்கத்தியோடு நந்தியாவட்டைச் செடியை நெருங்கியதும், காலையிலிருந்து கூடத்தை விட்டு நகராத இக்னேஷியஸ் எழுந்து வந்துவிட்டார்.

"செடி மேல கைய வெக்காத."

"வேற இன்னா பண்றது அண்ணாத்தே? வயிய அடைச்சிகினு கீது. பெட்டி எப்டி வெளிய போவும்?"

மகன் சத்தியராஜுக்கு அப்பாவை விளங்கவே இல்லை. அம்மா ஞானகுமாரி எங்கிருந்தோ போத்துக் குச்சி ஒடித்துக் கொண்டுவந்து, இடமே இல்லாததுபோல் கேட்டுக்குப் பக்கத்தில் நட்ட செடி. ஆளுயரம் தாண்டிப் பாதையை மறித்து நின்றது. அதன் மேல் எரிந்து விழுந்தவரே இந்த மனுஷன்தான். கம்பெனிக்குக் கிளம்பும்போதெல்லாம் கிளை சட்டையைப் பிடித்து இழுக்கும்.

"ஒரு நாள் இத வெட்டிப் போடறேன் பாரு."

"வெட்டேன். மாதாவுக்கு நீயே பூ வாங்கியாந்து வையி" என்பாள் ஞானகுமாரி. கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருவுக்கே இந்தச் சண்டை மனப்பாடம்.

இப்போது அவள் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தாள். வெறும் பெட்டியை நிமிர்த்திப் பிடித்து எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆளை வைத்தபிறகு அப்படித் தூக்க முடியுமா? கோயிலில் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மதில் மேல தூக்கிக் குடுத்துடலாம் நைனா" என்றான் சத்தியராஜ்.

"திருடி மாரி சுவரேறியா போவா? வாசல் வயியாதான் போவணும்."

வாசலும் வேண்டும், செடியும் வேண்டும் என்றால் அவன் எங்கே போவான்? கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

இக்னேஷியஸ் யாரையும் கேட்கவில்லை. நேரே போய், தடித்த கிளையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து இழுத்து, மதிலோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார். கஜபதி கத்தியைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு கிளையை வளைத்தான். எதிர்வீட்டு வசந்தாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து பிடித்தாள். பெட்டி போகுமளவு வழி விட்டது. சத்தியராஜ் முன்பக்கம் தோள் கொடுத்தான். மூடியில் இலைகள் உரச, அம்மா வாசல் வழியாகவே வெளியே போனாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் கிளைகளை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்திருந்தார்கள். அப்பா மட்டும் அப்படியே நின்றிருந்தார்.

"வா நைனா. வண்டி கெளம்புது."

அவர் கிளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"அம்மா வெளிய போயிடுச்சி நைனா. வுட்டுடு."

"வுட்டா வயி மூடிக்கும்டா."

சத்தியராஜ் உள்ளே வந்தான். அவர் பக்கத்தில் மதிலோடு ஒண்டி நின்று, அந்தக் கிளையைத் தானும் பிடித்துக்கொண்டான். தெருவில் வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.