பாதி நம்ம வீட்டுது

ஜன்னல் திரை தைக்கும் கடையில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு ஒரு மகள், ஒரு மகன். இரண்டு பேருக்கும் ஒரே நோய். குரல்வளைக்குள் காலிஃப்ளவர் மாதிரி மருக்கள் முளைக்கும். டாக்டர்கள் அவற்றை எடுத்துவிடுவார்கள். சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். அப்படியே விட்டால் மூச்சு அடைத்துவிடும். காரணம் ஒரு வைரஸ். மகளுக்கு மூன்று வயதில் தொடங்கியது, மகனுக்கு இரண்டு வயதில். இப்போது அவளுக்கு முப்பது, அவனுக்கு இருபத்தாறு. இருவருக்குமாகச் சேர்த்து எழுபத்து நான்கு ஆபரேஷன் ஆகியிருந்தது.

அதற்காக யாரும் முடங்கிக் கிடக்கவில்லை. மகள் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டினாள். காற்றும் கரகரப்புமாக வரும் அவள் பேச்சு மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. சைகையிலேயே கடையை ஆட்டிவைத்தாள். மகன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். அவனால் கத்த முடியாது. ஆபத்து என்றால் டாஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டுவான், அவ்வளவுதான். 'திட்டாத மாஸ்டர்' என்று பெயர் பரவி, ஊரிலிருந்த பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவனையே கேட்டு வந்தார்கள்.

அம்மாவுக்குத்தான் நிம்மதியில்லை. மகளுக்கு நோய் தெரிந்த அன்று ஒரு டாக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "பிரசவத்தப்ப உங்ககிட்டேருந்து தொத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரி அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. போதாததற்கு நாத்தனார் வேறு. வரும்போதெல்லாம், "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கிடையாதும்மா" என்பார். பிள்ளைகளுக்கு ஆபரேஷன் நடக்கும் நாளில், கதவு திறந்து அவர்கள் வெளியே வரும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த தொண்டை டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இதுவே ரொம்ப அபூர்வமான நோய். ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு எப்படி?" கேட்டதோடு நிற்காமல், மரபணு பார்க்கும் டாக்டரிடம் நான்கு பேரையும் அனுப்பினார்.

ரத்தம் எடுத்தார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடும் ஆள், ஊசியைப் பார்த்ததும் வியர்த்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விட்டா நீங்க மயக்கம் போட்டுருவீங்க போலிருக்கே" என்று மகள் சிரித்தாள்.

ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். மரபணு டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த வைரஸ் எத்தனையோ பேரு உடம்புல வந்துட்டுப் போகும். அவங்களுக்கே தெரியாது. பிரசவத்துல குழந்தைக்குப் போனாலும், பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல."

"அப்ப என் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன்?"

"அந்த வைரஸோட மல்லுக்கட்டுற ஒரு மரபணு இவங்க ரெண்டு பேருக்கும் சரியா வேலை செய்யல. எல்லா மரபணுவும் நமக்கு ரெண்டு ரெண்டா இருக்கும், அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. இதுல ஒண்ணு நல்லா இருந்தாலே போதும், நோய் வராது. உங்களுக்கும் சாருக்கும் ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. பிள்ளைங்களுக்கு ரெண்டுமே பழுது."

அப்பா மெதுவாக முன்னால் நகர்ந்தார்.

"அப்ப இதுல பாதி என்னுதா டாக்டர்?"

"சரிபாதி, சார். தப்புன்னு இல்ல. உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்க வழியே இல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து டாக்டரே திகைத்துவிட்டார். பிள்ளைகளின் நோய்க்குத் தானும் ஒரு காரணம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை அவர் பார்த்ததில்லை. அப்பா மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இருபத்தேழு வருஷமா நீ ஒருத்தியே தூக்கிச் சுமந்தியே. நான் பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் சொல்லத் தெரியல. இப்பவாவது என் பங்கைக் குடு."

அம்மாவுக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதை அன்னிக்கே ஒரு டாக்டர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அதற்குப் பிறகுதான் உடைந்து அழுதாள். மகன் அவள் தோளில் கை வைத்து, இரண்டு தட்டு தட்டினான். "பிரேக் போடும்மா. முன்னால ஒரு டாக்டர் உக்காந்திருக்காங்க." அழுகைக்கு நடுவிலேயே அவள் சிரித்துவிட்டாள்.

மகள் தன் கேள்வியை ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'எனக்குக் குழந்தை பிறந்தால்?' வரப்போகும் கணவரையும் சோதித்துப் பார்க்கலாம், அவருக்கு இந்தப் பழுது இல்லையென்றால் குழந்தைக்கு இந்த நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு என்றார் டாக்டர். மருந்து பற்றி மகன் கேட்டதற்கு, "இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா எங்க தேடணும்னு தெரிஞ்சிருக்கு" என்றார். மகள் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

வெளியே வராந்தாவில் கால் வைத்ததுமே அப்பா தன் அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

"அக்கா, ஒரு நல்ல சேதி. பாதி நம்ம வீட்டுது!"

ஸ்பீக்கரில் அத்தையின் குரல் துள்ளி வந்தது. "என்னடா சொல்ற? எந்தச் சொத்து?"

"சொத்து இல்லக்கா, வம்சம்" என்று தொடங்கி, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும், "ஃபோனை அவகிட்ட குடு" என்றார் அத்தை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அம்மா வாங்கிப் பேசினாள். அத்தை என்ன சொன்னார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. "பரவால்லீங்க அண்ணி, விடுங்க" என்று மூன்று முறை சொன்னது மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் மகனுக்கு ஆபரேஷன், இருவருக்குமாகச் சேர்த்து எழுபத்தைந்தாவது. இத்தனை வருஷமும் சம்மதப் படிவத்தில் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வந்தாள். இந்த முறை அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். கதவு மூடியதும் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "எனக்குப் பசிக்குது" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பாடு வாங்கி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.