எண்பத்தேழாம் நம்பர்

கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த சாந்தம்மா, பிரிட்ஜில் புதிதாக ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் துணியை வாளி விளிம்பில் போட்டாள். எழுத்து ஆங்கிலம். கீழே சிரிக்கிற மூஞ்சி ஒன்று வரைந்திருந்தது. மூஞ்சி சிரித்தால் நல்ல சேதியாகத்தான் இருக்கும்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் மூன்றாவது மாடி. எட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஹாலை வாடகைக்கு எடுத்து முப்பது டேபிள் போட்டிருந்தார்கள். அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கோபம் வந்தால் தாளில் எழுதி ஒட்டுவார்கள். சாந்தம்மாவின் லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய். குடம் உருளாத நாள் கிடையாது. முப்பது பேர் சண்டையே போடாமல் எப்படி இருக்கிறார்கள் என்பது இரண்டு வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை.

காபி எடுக்க வந்தாள் பதினாலாம் டேபிள் கவிப்ரியா.

"பாப்பா, இதுல இன்னா போட்டிருக்கு?"

"பிரிட்ஜ் ரூல்ஸ்க்கா. வைக்கிற பொருள் மேல பேரும் டேபிள் நம்பரும் எழுதணுமாம். எழுதாதது வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பைக்குப் போயிடும்."

"யாரு போடுவாங்க?"

கவிப்ரியா தாளை மறுபடி பார்த்தாள். "ஹவுஸ்கீப்பிங். நீங்கதான்."

பிரிட்ஜ் கதவுத் தட்டில், ஒரு சின்ன டப்பாவுக்குள் சாந்தம்மாவின் இன்சுலின் பாட்டில் இருந்தது. தேன்கனிக்கோட்டை கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. வீட்டுக்குத் தகரக் கூரை. அங்கே வைத்திருந்த பழைய பாட்டில் சூட்டில் கெட்டு, ஊசி போட்டும் சர்க்கரை இறங்காமல், பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு காலையும் சாயங்காலமும் ஊசி இங்கேதான்.

"எனக்கு இன்னா நம்பரு பாப்பா?"

"உங்களுக்கு எந்த டேபிள்க்கா?"

"முப்பதையும் நான்தானே தொடைக்கிறேன்."

கவிப்ரியா சிரித்தபடி மார்க்கரை நீட்டினாள். போன் அடித்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பேச வெளியே போய்விட்டாள்.

நம்பர் இல்லாத பொருளே அந்த ஹாலில் இல்லை என்பதைச் சாந்தம்மா அன்றைக்குத்தான் கவனித்தாள். நாற்காலிக்கு முதுகில், பிரிண்டருக்கு வயிற்றில், குப்பைக்கூடைக்குக்கூட ஒரு வெள்ளை ஸ்டிக்கர். கழுத்தில் தொங்கிய தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டோவும் ஏஜென்சிப் பெயரும்தான் இருந்தன. கடைசியில் தன் வாளியின் பக்கவாட்டில் அழுக்கைச் சுரண்டினாள். எண்பத்தேழு. டப்பாமேல் தமிழில் 'சாந்தம்மா' என்றும், பக்கத்தில் 87 என்றும் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏஜென்சி சூப்பர்வைசர் மாதேஷ் வந்து பிரிட்ஜ் முன்னால் குந்தினான். அவன் எடுத்துக் கொடுக்க, இவள் கறுப்புப் பையில் போட்டாள். பாதி குடித்த ஜூஸ், புளித்த தயிர், காய்ந்த சப்பாத்தி. பச்சை பூத்த கேக் ஒன்று வந்தது.

"இது கெட்டுப்போச்சு மாதேசு."

"பேரும் இருக்கு, இருபத்திரண்டுன்னு நம்பரும் இருக்கு. அதத் தொடக்கூடாதுக்கா." அடுத்த டப்பாவை எடுத்தான். "எண்பத்தேழா? டேபிளே முப்பதுதான?"

"வாளி நம்பரு. வேணும்னா பாரு."

மாதேஷ் வாளியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். ஹெட்போன் மாட்டிய ஒருவர் திரும்பிப் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டான். டப்பாவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

"இதுக்குத்தானா அந்த மெயிலு? சாப்பாட்டுப் பக்கத்துல மருந்து பாட்டில் இருக்குதாம். மூணு ப்ளீஸ் போட்டிருக்காங்கோ."

"கோவமாவா?"

"இல்லக்கா, மரியாதையாத்தான்."

"பேரு எழுதித்தான வச்சிருக்கிறேன்?"

"எழுதியிருக்க. பிரிட்ஜு டேபிள்காரங்களுக்கு மட்டும்தான். நாலாவது ப்ளீஸ் வந்தா உன்னையும் மாத்திடுவாங்கோ, என்னையும் மாத்திடுவாங்கோ. எடுத்துக்கினு போயிடுக்கா."

சாந்தம்மா டப்பாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிரிட்ஜ் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்தாள். கேக்குக்கு அடியிலும் துடைத்து, பெயர் முன்னால் தெரிகிற மாதிரி அதைத் திரும்ப வைத்தாள்.

மாப் வைக்கிற அறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். வாளியை மூன்று தடவை கழுவி, கூலரிலிருந்து கால்வாளி குளிர்ந்த தண்ணீர் பிடித்தாள். பாட்டிலோடு டப்பாவை மூடி, ஈரத்துணியில் சுற்றி அதற்குள் இறக்கினாள். பிறகு எண்பத்தேழு வெளியே தெரியும்படி வாளியைத் திருப்பி வைத்தாள்.