அழித்தல் – சரி

மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டர் வேலையில் ஒன்பது வருடம் ஓட்டியவள் ஹைமவதி. மாதாப்பூர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் அவள் தலை தெரிந்தாலே ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். அவளிடம் இருந்தது ஒரே கேள்விதான். "ரெஃப்ரெஷ் பண்ணிப் பாத்தியாப்பா?" பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பத்துப் பேர் முன்னால் கேட்பதில் அவளுக்கு ஒரு ருசி.

அந்த வருடம் மேலிடம் குண்டைத் தூக்கிப் போட்டது. டெஸ்டர்களும் சின்னதாக ஒரு வெப் அப்ளிகேஷன் கட்டி, சோதித்துக் காட்ட வேண்டும். தேறாதவர்களுக்கு அடுத்த புராஜெக்டில் இடமில்லை. ஹைமவதிக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. சொல்லித்தர முன்வந்தவன் மூன்றாம் மாடி புரோகிராமர் கோடேஸ்வர் ஒருவன்தான். அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவனும் அவனேதான்.

மூன்று வாரம் தன் மதிய இடைவேளையை அவளுக்குக் கொடுத்தான். அவள் கட்டியது, அலுவலகத்து உகாதி விருந்துக்கு யார் என்ன சமைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று பதிவு செய்யும் பக்கம். சேர்க்க ஒரு பட்டன், அழிக்க ஒரு பட்டன்.

"அழிக்கறத மட்டும் நீங்களே எழுதுங்கக்கா. அப்பதான் கை பழகும்" என்றான்.

எழுதினாள். டெமோவுக்கு முந்தின மாலை சோதித்தும் பார்த்தாள். சோதனைக்கு ஏதாவது பொய்த் தகவல் அடித்தாக வேண்டும். டெஸ்டர்கள் அதில் கண்டதையும் அடித்து வைப்பார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. அவள் அடித்தது இது: 'கோடேஸ்வர் – வெறுங்கை, நாலு ஆள் சாப்பாடு.' அவன் ஹாஸ்டல்வாசி. ஒவ்வொரு விருந்துக்கும் கையை வீசிக்கொண்டு வந்து தட்டை நிரப்புவான். தனக்குள் சிரித்துக்கொண்டே அழிக்கும் பட்டனைத் தட்டினாள். வரி மறைந்தது. தாளில் 'அழித்தல் – சரி' என்று குறித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் மேனேஜர் சலபதியும் இருபது பேரும் உட்கார்ந்திருக்க, பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தாள். நேற்று அழித்த அதே வரி முதலிலேயே நின்றது.

பின்வரிசையில் ஒருவன், "நாலு ஆளாம்டா" என்றான். சிரிப்பு பரவியது. ஹைமவதி அவசரமாக அழித்தாள். போயிற்று.

"இன்னொரு தடவ திறங்கம்மா" என்றார் சலபதி.

திறந்தாள். மறுபடியும் வந்தது. அவள் எழுதியது திரையிலிருந்து மட்டும்தான் அழித்திருக்கிறது. சேமித்த இடத்தில் கோடேஸ்வர் வெறுங்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். நேற்று ஒரே ஒரு முறை ரெஃப்ரெஷ் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்குக் காது மடல் எரிந்தது. இப்போது அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் தேவலை என்றிருந்தது. யாரும் கேட்கவில்லை.

"யார் எழுதினது இது?" என்றார் சலபதி.

"நான்தான் சார்" என்று எழுந்தான் கோடேஸ்வர். "விளையாட்டுக்கு என் பேரையே போட்டுப் பாத்தேன். அழிக்கற புரோகிராமும் நான் எழுதிக் குடுத்ததுதான். அக்கா மேல தப்பில்ல."

இல்லை என்று சொல்ல ஹைமவதிக்கு ஒரு நிமிடம் முழுசாகக் கிடைத்தது. வாயைத் திறக்கவில்லை. சலபதி அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவள் பெயருக்கு நேரே 'தேறினார்' என்று குறித்துக்கொண்டார்.

அன்று மதியமே பிழையைத் திருத்தினாள். பத்து முறை ரெஃப்ரெஷ் செய்து பார்த்தாள். அந்த வரி இல்லை. அதே இடத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது: 'கோடேஸ்வர் – புளிஹோரா, இருபது பேருக்கு.'

உகாதியன்று பெரிய தூக்கு நிறையப் புளியோதரையோடு வந்தான். எங்கே சமைத்தான், யார் அடுப்பைக் கேட்டு வாங்கினான் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவனே பரிமாறினான். ஹைமவதி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கிட்டே வந்ததும் வேறொன்றுதான் வாயில் வந்தது.

"நீ சாப்பிடுப்பா."

"பசியில்லக்கா" என்று சிரித்தவன், அவள் நீட்டிய தட்டிலேயே ஒரு கரண்டி புளிஹோரா வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தான்.