நிர்வாகியின் கடவுச்சொல்

அந்த வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றுக்கும் ஒரே கடவுச்சொல். அது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மனைவி கேட்டால், "உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி? நான் பாத்துக்கறேன்" என்பார். பதினோரு வருஷமாக இந்த "நான் பாத்துக்கறேன்" கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

மனுஷர் மோசமானவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம் ஃபோனில், "பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் கம்பெனிகள் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம். கன்ட்ரோல் பெட்டியைக் கம்பெனியின் சாவி இல்லாமல் திறக்க முடியாது. சின்னக் கோளாறாக இருக்கும், ஒரு ஒயர் கழன்றிருக்கும், ஆனால் கம்பெனி ஆள் வருகிற வரைக்கும் மூன்று நாள் எல்லோரும் படியேற வேண்டும்.

"மூடியைத் திறந்து பாக்க முடியலன்னா, காசு குடுத்து வாங்கினாலும் அது நம்ம பொருள் இல்ல" என்பது அவர் கட்சி. அதனால்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டார். இலவசம், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் மாற்றலாம். யாரும் என்றால் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்.

ஊரில் மற்றவர்களும் இப்படித்தான், ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளி ஏதோ அரதப் பழசான விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய பில் போடும் சாஃப்ட்வேர் அதைத் தவிர வேறெதிலும் ஓடாது. நாத்தனார் ஆப்பிள் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "மூடி வச்சிருந்தாலும் பாக்க அழகா இருக்குல்ல அண்ணி?" என்றாள். அவளாவது தானாகத் தேர்ந்தெடுத்தாள், மனசாட்சியோடு உண்மையையும் சொன்னாள். நம்மவளை யார் கேட்டார்கள்?

அவளுக்கு மருந்துக்கடை கவுன்ட்டரில் தினமும் ஒன்பது மணி நேரம் நிற்கிற வேலை. கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு தகுதித் தேர்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஒருத்தருக்கு இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பில் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்டாள். இது கடைசி. எட்டு மாதம் பஸ்ஸில், அடுப்படியில், கழிவறையில் என்று உட்கார்ந்து படித்திருந்தாள்.

"உங்க தங்கச்சியோடத வாங்கிட்டு வந்து எழுதிக்கறேங்க" என்றாள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், இதுல என்ன குறைச்சல்? தேர்வு சாஃப்ட்வேர் லினக்ஸுக்கும் இருக்கு. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாரு. நான் பாத்துக்கறேன்."

பார்த்தும் கொடுத்தார். இரண்டு நாள் முன்னால் ஒத்திகை பார்த்தார்கள். அவள் நாற்காலியில், அவர் பின்னால் நின்றுகொண்டு. நடுவில் ஒரு பெட்டி எழும்பி, "நிர்வாகியின் கடவுச்சொல்" என்று கேட்டது. அவர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி டபடபவென்று தட்டினார். பெட்டி போய்விட்டது. "அவ்வளவுதான், வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று கையைத் தட்டிக்கொண்டார். தேர்வன்று தோளுக்கு மேலாகக் கை நீட்ட ஆள் இருக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

தேர்வின் விதிகள் அப்படி. அறையில் ஒற்றை ஆள். கதவு சாத்தியிருக்க வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்தாலோ வாய்திறந்து பேசினாலோ தேர்வு ரத்து. வேறு ஆள் தெரிந்தால் ரத்து. வேறு குரல் கேட்டால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை ரத்து.

காலை பத்து மணிக்குத் தொடங்கியது. தொண்ணூறு நிமிடம், நூறு கேள்வி, எழுபது எடுத்தால் தேர்ச்சி. அவர் லீவு போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அவளுக்குக் கேள்விகள் தண்ணீர்பட்ட பாடாக இருந்தன. ஒவ்வொன்றும் கவுன்ட்டரில் நின்று பழகியதுதான். அறுபத்தொன்றாவது கேள்வியை முடித்தபோது இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியின் நாற்காலி கண்ணில் தெரிந்தது, முதுகுச் சாய்மானத்தோடு.

அறுபத்திரண்டாவது கேள்வி வந்தது. கூடவே அந்தப் பெட்டியும் வந்தது. தேர்வு சாஃப்ட்வேர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டுமாம்.

பெட்டியில் "வேண்டாம்" என்ற பட்டனை அமுக்கினாள். போனது, வந்தது. மறுபடி அமுக்கினாள். போனது, வந்தது. அட சனியனே! பெட்டி சரியாக விடைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கேள்வி மட்டும் மேலே பளிச்சென்று தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு எந்த வலி மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்ற கேள்வி. நேற்றுக்கூட ஒரு பெரியவரிடம் அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு வேறு கொடுத்தனுப்பினாள்.

நான்கடி தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், கடவுச்சொல் தெரிந்த மனுஷர் உட்கார்ந்திருக்கிறார். அவர் செருப்பு உரசுவது கேட்கிறது. கூப்பிட முடியாது. எழ முடியாது. இருமினாள். இருமலில் புரிந்துகொள்ள மாட்டாரா? இன்னொரு தரம் பலமாக இருமினாள்.

"தண்ணி வேணுமா?" என்றது வெளியிலிருந்து ஒரு பாசமான குரல்.

வேறொருவர் குரல் கேட்டது, இது முதல் எச்சரிக்கை என்று திரையில் சிவப்பாக வந்தது. வாழ்க்கையில் அந்த ஆளை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை.

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று கல்யாணத் தேதியை அடித்தாள். தவறு. அப்படியெல்லாம் வைக்கிற ஆளா அவர்? மாமியார் பெயரை அடித்தாள். தவறு. அவருடைய கம்பெனி எண்ணை அடித்தாள். தவறு. பத்து நிமிடம் கழித்து முயலவும் என்றது பெட்டி.

பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட பயமாக இருந்தது. அறை அப்படியே சுற்றி வந்து நெருக்குவது போலிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை இதே மாதிரி அடைபட்டுக் கிடந்திருக்கிறாள், ஒரு கட்டிடத்து லிஃப்டில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். அப்போது வெளியே நின்ற மெக்கானிக்கோடு வாய் ஓயாமல் பேச முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. பத்து நிமிடம் முடிந்ததும் மறுபடி மூன்று முயற்சி. லினக்ஸ் என்று, லிஃப்ட் என்று, அவர் பிறந்த வருஷம் என்று. மூன்றும் தவறு. மறுபடி பத்து நிமிடம். அதற்குப் பின் மூன்று. அதற்குப் பின் நேரம் முடிந்தது.

கதவு திறந்தது. "முடிஞ்சுதா? நான் சொன்னேன்ல, வெண்ணெய் மாதிரி..." என்று சிரித்துக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து டபடபவென்று தட்டினார். பெட்டி போய்விட்டது. பின்னால் அறுபத்திரண்டாவது கேள்வி, விடை தரப்படாமல்.

"என்னது அது? சொல்லுங்க" என்றாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். "மைனா முப்பத்திநாலு."

அன்றைக்கு அந்த லிஃப்டுக்குள்ளிருந்து அவள் நாற்பது நிமிடம் ஓயாமல் பேசியதால், வெளியே நின்ற அவர் அவளுக்கு வைத்த பெயர் மைனா. முப்பத்திநாலு, அந்த மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு ஆறேழு வருஷம் இருக்கும். அவள் எதையெல்லாமோ அடித்துப் பார்த்தாள். தன் பெயர் மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஆசையா வச்சேன்மா" என்றார்.

"ஆசையா வச்சீங்க. எங்கிட்ட குடுக்கல" என்றாள். "என் பேரையே பூட்டா செஞ்சு என்னையே உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க." ஓவென்று அழுதாள். அவர் தொட வந்த கையைத் தட்டிவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார். "கோளாறு எங்களோடதுன்னு எழுதிக் கேட்டா இன்னொரு வாய்ப்பு குடுப்பாங்களான்னு பாக்கறேன். உனக்கு வேற சிஸ்டமும் வாங்கிடலாம். எது வேணும் சொல்லு."

"லெட்டரை நானே எழுதறேன். சிஸ்டம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கடவுச்சொல் மாத்தற இடத்தைக் காட்டுங்க."

காட்டினார். அவள் வாசலைக் கையால் காட்டினாள். மனுஷர் வெளியே போய் நின்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். மூன்று கம்ப்யூட்டரிலும்.

"எனக்குச் சொல்ல மாட்டியா?" என்றது கதவுக்கு வெளியிலிருந்து குரல். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கறேன்" என்றாள்.

இரண்டு மணிக்கு அவளுக்குக் கடை. புடைத்த நரம்புக்காகப் போடும் இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு நிற்கப் போனாள்.