செப்டம்பர் தவணை

வருமான வரிப் பாடத்தில் படித்ததை வாழ்க்கையில் செய்து பார்த்தவள் அந்த எம்.காம். வகுப்பிலேயே அறிவுச்செல்வி ஒருத்திதான். மற்றவர்கள் அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துபோனார்கள். இவள் மதிப்பெண்ணும் வாங்கினாள், பணத்தையும் கட்டினாள். அந்தச் சமர்த்துக்கு என்ன கிடைத்தது என்பதை, திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி இப்போது தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஜூலையில் அவளுக்கு ஒரு வெளியூர்க் கம்பெனி வேலை கொடுத்தது. கம்ப்யூட்டர் எழுதுகிற தமிழை வாசித்துத் திருத்தித் தர வேண்டும். மாதம் தொண்ணூறாயிரத்துக்குக் குறையாமல் இரண்டு மாதம் வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் முக்கால் ஏக்கரில் சம்பங்கி போட்டிருந்த அவள் அப்பா பெரியகருப்பனுக்கு, பூ ஒரு வருடத்திலும் அவ்வளவு கொடுத்ததில்லை. அடகில் கிடந்த அம்மாவின் நகை வீட்டுக்கு வந்தது. புகைந்துபோன கிணற்று மோட்டார் புதிதாக மாறியது. வந்த பணம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்தது.

மாதச் சம்பளம் இல்லாமல் இப்படி அவ்வப்போது சம்பாதிப்பவர்களுக்குச் சட்டம் ஒன்று சொல்கிறது. இந்த வருடம் மொத்தம் எவ்வளவு வரும் என்று நீயே மதிப்புப் போடு, அதற்கான வரியை வருடம் முடியும் முன்பே தவணை தவணையாகக் கட்டு, தவறினால் வட்டி. அறிவுச்செல்வி மார்ச் வரைக்கும் எட்டு லட்சம் வரும் என்று மதிப்புப் போட்டாள். செப்டம்பர் தவணைக்குப் பதினாலாயிரத்து நாற்பது ரூபாய் கட்டினாள். கட்டிய ஐந்தாம் நாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலை முடிந்தது, நன்றி என்று இரண்டே வரி.

வந்த தொகைக்கு வரியே கிடையாது. கட்டியது முழுக்கத் திரும்பி வரும்தான். ஆனால் மார்ச் முடிந்து, கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் வரும். கல்லூரிக்கோ கடைசி வருடக் கட்டணம் நாற்பத்தெட்டாயிரத்தை டிசம்பர் பத்துக்குள் கட்டியாக வேண்டும். போன வருடம் கட்டியது போல இந்த வருடமும் அறக்கட்டளை கட்டினால் பரீட்சை எழுதலாம், இல்லாவிட்டால் இல்லை.

செயலாளர் நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதைக்குக் குறைவில்லாதவர். மேசைமேல் அவளுடைய விண்ணப்பம் இருந்தது. அதன் தலைமேல் பளபளவென்று லேமினேஷன் செய்த ஒரு காகிதம் குத்தியிருந்தது. அவள் வரி கட்டிய ரசீது.

"ஏனுங்க அம்மிணி, வருமான வரி கட்டுறவங்க நம்மகிட்ட வந்து நிக்கலாமுங்களா? அவங்க நமக்கு நன்கொடை குடுக்கோணும்."

"சார், அது வந்த பணத்துக்கு இல்ல. எட்டு லட்சம் வரும்னு நானா போட்ட மதிப்பு. வேலை அப்பவே நின்னுபோச்சு."

"எட்டு லட்சம் வரும்னு நீங்களே மதிப்புப் போட்டுக் கட்டியிருக்கறீங்க. வி.ஏ.ஓ. சர்டிபிகேட்டுல குடும்பத்துக்கே வருச வருமானம் எழுபத்திரண்டாயிரம்னு இருக்குது. ரெண்டுல எது பொய்யின்னு நான் கேக்கலீங்க. கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

எழுபத்திரண்டாயிரம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எழுதித் தருகிற தொகை. ஊர்ப் பூ மண்டிக்காரர் மகன் முகேஷ்குமாருக்கும் அதுதான். கல்யாணங்களில் டிரோன் பறக்கவிட்டு, கையில் ரொக்கமாக வாங்கி, ஒரு பைசா வரி கட்டாதவன். செயலாளரின் மேசையில் இருந்த, உதவி கிடைத்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. ஒழுங்காக நடந்ததற்காகத் தண்டனை வாங்குகிற முட்டாள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்குப் பட்டது. சொல்லிப் புரியவைக்கலாம் என்ற நம்பிக்கை போய்விட்டதால், எழுந்து வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். விண்ணப்பம் கொடுக்க வேண்டிய அன்று அவளுக்குப் பரீட்சை. அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். தாலுகா ஆபீசோ, கூட்டுறவு பேங்கோ, எங்கே மனு கொடுத்தாலும் நிலத்துக்குத் தீர்வை கட்டிய ரசீதை மேலே வைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். மழை பொய்த்த வருடத்திலும் தீர்வை பாக்கி வைக்காத மனிதர். மகள் சர்க்கார் முத்திரையோடு ஒரு ரசீது வாங்கினால் அதை மேலே வைக்காமல் இருப்பாரா? கோபம் யார்மேல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

வாசலிலேயே நின்றிருந்தார் பெரியகருப்பன்.

"என்னத்தா சொன்னாக?"

"இந்த வருசம் நெறையப் பேரு கேட்டாகளாம்ப்பா. நமக்கு இல்லையாம்."

"அம்புட்டுப் பெரிய ரசீத வச்சுமா குடுக்கல?"

அவள் செருப்பைக் கழற்றினாள். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சம்பங்கி விற்ற பணம், ரப்பர் பேண்டு போட்டு ஐந்தாயிரம்.

"டிசம்பர்ல அடுத்த தவணை கட்டணும்னியே. இதப் புடி. ஒத்த ரசீதுங்கவும் நம்மள மதிக்கல போல. ரெண்டாவதையும் கட்டி, ரெண்டையும் வச்சு நானே போய்க் குடுத்துட்டு வாரேன்."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வேணாம்ப்பா! அந்த ரசீத வச்சதுனாலதான் குடுக்கல. வரி கட்டுறவுக வசதியானவுகளாம்."

பெரியகருப்பன் கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்ற முயன்றார். அது அறுந்து விழுந்தது.

"அப்ப நாந்தேன் கெடுத்துப்புட்டேனாத்தா?"

இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஒற்றைச் சொல்தான். அதற்குப் பதிலாக அவள் குனிந்து, அறுந்த ரப்பர் பேண்டை எடுத்தாள்.